அழுங்கும் அழுங்காமையும்: கடத்தல் ஏன் ஓயவில்லை?

குச்சவெளியைச் சேர்ந்த கடற்றொழில் குடும்பத்து இளைஞர் ஒருவர் மூன்று கேள்விகளை ஒன்றாக எழுதியிருக்கிறார். அழுங்குச் செதிளுடன் இருவர் கைது, நட்சத்திர ஆமைகளுடன் ஒருவர் கைது, யானைக் கொம்பில் பிறப்பதாக நம்பப்படும் கஜமுத்துடன் மூவர் கைது என்று செய்திகள் வந்துகொண்டே இருக்க, கடத்தல் மட்டும் ஏன் ஓயவில்லை? நம் சட்டம் பலவீனமானதா? தன் மாமாவின் வலையில் ஆமை சிக்கினால் அவர்கள் என்ன செய்ய வேண்டும்? திருகோணமலையில் இருந்துகொண்டு கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் இருபது வருடங்களுக்கு மேல் வழக்குப் பேசியவன் நான். இப்படியான வழக்குகளில் பெரும்பாலும் எதிரிகளுக்காகவே, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவே, தோன்றியவன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கீழே எழுதுவதில் பாதி அந்தப் பக்கத்தில் நின்று கண்டது.

பெயரில் இருந்து தொடங்குவோம். எறும்பும் கறையானும் தேடித் தின்று, ஆள் அரவம் கேட்டால் பந்தாகச் சுருண்டுவிடும் விலங்கை நாம் அழுங்கு என்கிறோம். நிலாவெளிக்கு எதிரே புறாமலையைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளுக்கு மேய வரும், கிளிமூக்குப் போன்ற வாயுடைய ஆமைக்கு அழுங்காமை என்று பெயர். ஒன்று காட்டில், மற்றொன்று கடலில். ஆனாலும் இரண்டின் முதுகும் ஓட்டுக்கூரை வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று படிந்த தகடுகளால் ஆனது. பெயர் வைத்த கடலோடிகள் அந்த ஒற்றுமையைத்தான் கண்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அவர்கள் கண்ணுக்குப் பட்டது விஞ்ஞானத்துக்கும் பொருந்துகிறது. அழுங்கின் செதிளும் அழுங்காமையின் ஓட்டுத் தகடும் கெரட்டின் என்னும் ஒரே பொருள். நம் விரல் நகமும் அதே பொருள்தான். நகத்தை அரைத்துக் குடித்தால் தீராத நோய் எதுவும் செதிளை அரைத்துக் குடித்தாலும் தீரப்போவதில்லை. சீனாவே 2020இல் தன் அதிகாரபூர்வ மருந்துப் பொருள் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிளை நீக்கியது. ஆமையோட்டின் கதையோ மிகப் பழையது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட கிரேக்க வணிகக் குறிப்பிலேயே இந்தத் தீவின் பொருள்களாக முத்தோடும் மணியோடும் சேர்ந்து ஆமையின் ஓடும் இடம்பெறுகிறது. இவ்வளவு நீண்ட பழக்கமுள்ள வியாபாரத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஒரே இரவில் நிறுத்திவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்வது வசதியாக இருக்கும். நம் சட்டம் பலவீனமானது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் பல முறை, குறிப்பாக 1993இலும் 2009இலும், திருத்தப்பட்டது. பாலூட்டிகளையும் ஊர்வனவற்றையும் பொறுத்தவரை அதன் அமைப்பைப் பலர் தலைகீழாகவே விளங்கிக்கொள்கிறார்கள். “ஐயா, அந்த மிருகத்தின் பெயர் பட்டியலில் இல்லையே” என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஆனால் அங்கே பட்டியலில் இருப்பவைதான் பாதுகாப்பு இல்லாதவை. அதில் பெயர் இல்லாத எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. ஆகவே உடும்பைப் பற்றியோ தேவாங்கைப் பற்றியோ தனியாகத் தேடிப் பார்க்கத் தேவையில்லை. கடலாமைகளில் ஐந்து வகை நம் கரைகளில் முட்டையிடுகின்றன. அவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் மட்டுமல்ல, இறைச்சியையோ முட்டையையோ ஓட்டையோ கைவசம் வைத்திருப்பதே குற்றம்.

சர்வதேசப் பக்கத்தில், அழிந்துவரும் காட்டுயிர்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும், சைட்டிஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் சமவாயம் 1973இல் வாஷிங்டனில் கைச்சாத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் இணைந்தது. முதலாம் பின்னிணைப்பில் உள்ள காட்டு உயிர்களை வியாபார நோக்கில் எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவற்றை உரிய அனுமதிப்பத்திரத்துடன் கொண்டுபோகலாம். அழுங்கின் எட்டு இனங்களும் 2016இல் முதலாம் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டன. நம் வறண்ட வலயப் பற்றைக்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை 2019இல் அங்கு சென்றது. அந்த முன்மொழிவைக் கொண்டுவந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அதைத் தீர்மானித்த சைட்டிஸ் மாநாடு அவ்வருடம் மே மாதத்தில் கொழும்பில் கூடவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின் ஓகஸ்ட் மாதத்தில் ஜெனீவாவில் கூடியது. நம் ஊர் ஆமைக்கான தீர்மானம் நம் ஊரிலேயே நிறைவேறியிருக்க வேண்டியது.

இனி முதற் கேள்வி. இதற்கு ஒரு காட்சியைச் சொல்லாமல் பதில் எழுத என்னால் முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு நீதவான் நீதிமன்றத்தில், சான்றுப் பொருளாக ஓர் உரப்பை மேசைமேல் வைக்கப்பட்டது. முத்திரையை உடைத்துக் கொட்டியபோது, காய்ந்த சிப்பிகளைக் கொட்டியது போன்ற சத்தத்துடன் செதிள்கள் விழுந்தன. பெரியவை சிறு குழந்தையின் உள்ளங்கை அளவில் இருந்தன. மண்ணைக் கிளறிக் கிளறி நுனி தேய்ந்து வழவழத்திருக்க, வேர்ப்பக்கத்தில் சுண்டிப்போன தோல் இன்னும் ஒட்டியிருந்தது. பழைய கருவாட்டுப் பெட்டியின் வாடை வந்தது. அதைக் கொட்டி எண்ணிய உத்தியோகத்தர் இரண்டு மூன்று உயிர்களுடையதாக இருக்கலாம் என்றார். இந்த விலங்கு பெரும்பாலும் ஒரு தடவையில் ஒரேயொரு குட்டியை மட்டும் ஈனும். என் கட்சிக்காரர் சேனைப் பயிர் செய்யும் ஒரு குடும்பஸ்தர். பயிருக்குள் வந்த பன்றிக்குப் போட்ட சுருக்கில் முதலாவது அழுங்கு தற்செயலாக அகப்பட்டது என்றார். அதை நான் நம்பினேன். முச்சக்கரவண்டி ஓட்டும் ஒருவர் வந்து, செதிளை எறியாதே, காசு தருவார்கள் என்று சொன்ன பிறகு அகப்பட்டவை தற்செயலானவை அல்ல.

அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும்படி சொன்னவன் நானே. அவருடைய நிலையில் அதுவே அவருக்கு நல்லது. தண்டப்பணம் விதிக்கப்பட்டது. அன்றே அதைக் கட்ட வந்தவர் அவருடைய உறவினரும் அல்லர், ஊரவரும் அல்லர்; என் கட்சிக்காரர் அவருடைய முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை. வழக்கு அரை மணித்தியாலத்தில் முடிந்தது. உரப்பை போனது, செய்தி வந்தது, படம் வந்தது. காசு கொடுத்தவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

நீங்கள் கேட்கும் ‘ஏன்’ இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். குற்றத்தை ஒப்புக்கொண்டதும் விசாரணை முடிந்துவிடுகிறது. விசாரணை முடிந்தால் செதிள் எங்கே போக இருந்தது, யார் முற்பணம் கொடுத்தார், எந்தத் தொலைபேசி இலக்கத்தில் பேசினார் என்ற கேள்விகளும் முடிந்துவிடுகின்றன. கஜமுத்து வழக்குகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். அடுத்த முறை அப்படி ஒரு செய்தி வந்தால் கவனமாகப் படித்துப் பாருங்கள். வாங்குபவர் போல வேடமிட்ட உத்தியோகத்தர் ஒருவரிடம் விற்க முற்பட்டபோதே கைது நடந்தது என்று பெரும்பாலும் இருக்கும். பிடிப்பதற்கு அது நல்ல உபாயம்தான். ஆனால் வாங்குபவர் உத்தியோகத்தராக இருக்கும் வழக்கில் உண்மையான வாங்குபவர் ஒருவர் இருக்கவே வழியில்லை. அவர் வழக்கு தொடங்கும் முன்பே கதையிலிருந்து நீங்கிவிடுகிறார். சந்தையில் வாங்குவோரின் தேவை அப்படியே இருக்க, கொண்டுவந்து கொடுப்பவர்களில் இருவர் மட்டும் குறைகிறார்கள். அந்த இடத்துக்கு வேறு இருவர் வர ஒரு மாதம்கூட ஆகாது.

கஜமுத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல். யானைக் கொம்பில் முத்துப் பிறக்கும் என்ற நம்பிக்கை பழந்தமிழ்ப் பாடல்களிலேயே உண்டு. சிங்கள மக்களிடமும் அது உண்டு. வைத்திருந்தால் செல்வமும் அதிகாரமும் சேரும் என்று நம்பி வாங்குபவர்கள் வெளிநாட்டவர் அல்லர், நம் நாட்டவரே. இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவற்றுக்கே கொம்பு உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எல்லா யானைகளும் சேர்த்து 5,879 என்றே எண்ணப்பட்டன. இவ்வளவு சிறிய தொகையில், மரபை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கக்கூடிய கொம்பன் ஒன்றைக் கொன்று, மூக்குத்தியில்கூடப் பதிக்க முடியாத ஓர் உருண்டையை எடுத்து இரும்புப் பெட்டியில் வைப்பது, எனக்குத் தெரிந்த மூடத்தனங்களில் முதலிடம் பெறும்.

யானைக் கொம்பு இந்தத் தீவின் வழியாகப் போவதும் உண்டு. 2012இல் ஆபிரிக்காவிலிருந்து துபாய்க்குப் போகவிருந்த 359 கொம்புகள், ஏறத்தாழ ஒன்றரைத் தொன், கொழும்புத் துறைமுகத்தில் சுங்கத்தால் கைப்பற்றப்பட்டன; 2016 ஜனவரியில் காலிமுகத்திடலில் எல்லோரும் பார்க்க இயந்திரத்தில் நொறுக்கப்பட்டன. தெற்காசியாவில் அப்படிச் செய்த முதல் நாடு இலங்கை என்று அப்போது சொல்லப்பட்டது. நொறுக்குவது வெறும் காட்சிதானே என்று சிலர் கேட்டார்கள். களஞ்சியத்தில் வருடக்கணக்கில் கிடக்கும் பெறுமதியான பொருள் மெல்ல மெல்லக் குறையும் என்பதை நீதிமன்றச் சான்றுப் பொருள் அறைகளை அறிந்த எவரும் மறுக்க மாட்டார்கள். ஆகவே அதை நான் நல்ல முடிவாகவே பார்க்கிறேன்.

பணத்தைப் பின்தொடரச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டமும், அதே வருடத்தின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டமும், மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவும் இருக்கின்றன. உலகளவில் பணம் தூயதாக்கலைக் கண்காணிக்கும் நிதி நடவடிக்கைச் செயலணி 2020 ஜூன் மாதத்தில் காட்டுயிர் வியாபாரப் பணத்தைப் பற்றியே தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டது. வனசீவராசிக் குற்றத்தை விலங்குக் குற்றமாக மட்டும் பார்க்காமல் நிதிக் குற்றமாகவும் விசாரிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். ஆனால் நான் கண்ட வழக்கொன்றில்கூட வங்கிக் கணக்குக் கூற்று சான்றாக வரவில்லை. சரணாலய எல்லையில் காவல் செய்யப் பயிற்சி பெற்ற ஓர் உத்தியோகத்தரிடம், இரவு முழுக்கக் காட்டில் நின்ற பிறகு, வங்கிக் கணக்கையும் வாசி என்று சொல்ல முடியாது. அந்த வேலைக்குப் பொலிஸ், சுங்கம், மத்திய வங்கி, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் ஆகியவை ஒரே கோப்பில் வேலை செய்ய வேண்டும். தெற்காசிய நாடுகளுக்கு இடையில் 2011 முதல் சவென் என்ற அமுலாக்க வலையமைப்பு உண்டு, உலக அளவில் 2010 முதல் இன்டர்போல் உட்பட ஐந்து அமைப்புகளின் கூட்டணி உண்டு. உச்சியில் கைகுலுக்கல் நடக்கிறது. ஒரே ஊரின் இரண்டு காரியாலயங்களுக்கு இடையில்தான் கோப்பு நகர மறுக்கிறது.

கடற்பக்கத்தில் கடத்தலின் முகமே வேறு. அங்கே பொருள் மூட்டைக்குள் ஒளிவதைவிடத் தாளுக்குள் ஒளிவதே அதிகம். கடலட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா 2001இல் எல்லாக் கடலட்டை இனங்களையும் பிடிப்பதைத் தடை செய்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரத்துடன் பிடிக்கலாம். அவித்து, உலர்த்தி, கருகிய கட்டை போல ஆன பிறகு, அது பாக்கு நீரிணையின் எந்தப் பக்கத்தில் பிறந்தது என்று எவர் சொல்வார்? அக்கரையில் தடைசெய்யப்பட்ட பொருள் படகேறி இக்கரைக்கு வந்ததும் சட்டபூர்வமான ஏற்றுமதியாக உருமாறிவிடும். 2019இல் விலை கூடிய மூன்று கடலட்டை இனங்கள் சைட்டிஸின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்கப்பட்டதால் அவற்றுக்காவது பிறப்பிடம் கேட்கப்படுகிறது. நம் கிழக்குக் கடலில் சிலிண்டர் கட்டி இறங்கி, ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறி, கைகால் முடங்கிப்போன பையன்களுக்கு இந்தப் பின்னிணைப்பால் என்ன பயன் என்பது தனிக் கேள்வி. அவர்களுக்கு முற்பணம் கொடுத்து இறக்கியவரும் எந்தத் தாளிலும் இல்லை.

சுறாவும் அப்படியே. உடம்பளவு நீண்ட வாலுடைய சுறா இனங்கள் மூன்றையும் பிடிப்பதற்கு 2012 முதல் இலங்கையில் தடை உண்டு. அந்த வாலைச் சிறு பிள்ளையும் அடையாளம் காணும். ஆனால் வாலும் செட்டையும் போய்த் துண்டாகி விட்டால் அனுபவமுள்ள கண்ணும் தடுமாறும். செட்டையை உடலோடு சேர்த்தே கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். ஆகவே பரிசோதனை நடக்க வேண்டிய இடம் படகு கரை தொடும் அந்தப் பத்து நிமிடம். அதன் பிறகு தேடுவது உப்புக் கரைந்த தண்ணீரில் உப்பைத் தேடுவதே.

நட்சத்திர ஆமை உயிரோடு போகும் சரக்கு. பல நாட்கள் உணவின்றித் தாங்கும், சத்தம் போடாது, காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டால் துணிப்பெட்டிக்குள் கல்லுப்போலக் கிடக்கும். அதன் பொறுமையே அதற்கு எமனாகிறது. பிடிபட்ட பிறகும் சங்கடம் தீர்வதில்லை. எந்தக் காட்டில் எடுத்தது என்று தெரியாமல் கண்ட இடத்தில் விட்டால் நோயும் கலப்பும் பரவும். விடாமல் வைத்தால் இடமும் உணவும் மருத்துவமும் வேண்டும். கைப்பற்றுவதற்குக் கிடைக்கும் கைதட்டலில் பாதிகூடப் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றங்களுக்கான அலுவலகம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2021 வரை 162 நாடுகளிலும் பிரதேசங்களிலும் கைப்பற்றப்பட்டவற்றில் ஏறத்தாழ 4,000 இனங்கள் இருந்தன. இதைப் படிக்கும் நம்மவர் ஹொங்கொங்கையும் துபாயையும் நினைப்பார். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். திருகோணமலையில் கோட்டைக்குள் போகும் எவரும் புள்ளிமான்களைக் காண்பார். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் குழந்தைகள் பழத்தோல் நீட்ட, அவை பயமின்றி வந்து வாங்கித் தின்னும். கடற்கரையில் பொலித்தீன் பையையும் மெல்லும், அது வேறு துயரம். கோயிலுக்கு வந்த உறவினருக்கு மானைக் காட்டிப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது அவர் கையில் மான் வத்தல் பொதி ஒன்றைக் கொடுத்து அனுப்பும் வீடுகள் உண்டு. அதைக் கடத்தல் என்று எவரும் சொல்வதில்லை, அன்பளிப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் காட்டில் கட்டுத்துவக்கு வைப்பவருக்கு அந்த அன்பளிப்பும் ஒரு கட்டளைதான். அந்தத் துவக்கு மானுக்கென்று காத்திருப்பதுமில்லை. முதலில் எது கம்பியில் முட்டுகிறதோ அதற்கே வெடிக்கும்.

இனி உங்கள் மாமாவின் வலை. திருக்கை வலையில் ஆமை சிக்குவது குற்றமல்ல. சிக்கியதை வைத்துக்கொள்வதே குற்றம். உயிரோடு இருந்தால் வலையை அறுத்தாவது உடனே விடுங்கள். வலையின் விலை பெரிதுதான், மறுக்கவில்லை. இறைச்சிக்காக ஆசைப்படுவோருக்கு ஒரு விடயத்தைச் சொல்லுங்கள்: அழுங்காமை தின்னும் கடற்பஞ்சு முதலியவற்றின் நஞ்சு அதன் இறைச்சியில் சேர்ந்திருக்கக்கூடும், அது சமைத்தாலும் போகாது, அதைத் தின்று குடும்பமாகச் செத்தவர்கள் உலகில் பல இடங்களில் உண்டு. சட்டத்துக்குப் பயப்படாதவர் இதற்குப் பயப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

செதிளோ முட்டையோ ஆமையோ கேட்டு ஒருவர் வாடிக்கு வந்தால் அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம், வேவு பார்க்கவும் வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த வாகனம், என்ன கேட்டார், எவ்வளவு தருவதாகச் சொன்னார் என்பதை அன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கோ பொலிஸின் 119க்கோ அறிவிக்கும்போது, “இங்கே ஒருவன் ஆமை வெட்டுகிறான்” என்பதோடு நிறுத்தாமல், “இன்னார் வந்து வாங்கிப் போகிறார்” என்பதையும் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன வழக்குகளில் இல்லாத ஒரே ஒரு வரி அதுதான். அரிய உயிர் ஒன்றைக் கண்ட இடத்தைப் படத்தோடு முகநூலில் போடுவதையும் தயவுசெய்து தவிருங்கள். அதை விரும்பிப் பார்ப்பவர்களில் வியாபாரியும் இருப்பார்.

வலையிலிருந்து எடுத்த ஆமை அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். மூச்சு முட்டி மயங்கியிருக்கலாம். மல்லாத்தாமல், வயிறு கீழே இருக்கும்படி பலகையில் கிடத்தி, நுரையீரலில் ஏறிய தண்ணீர் வடியும்படி பின்பகுதியை அரை அடியாவது உயர்த்தி வையுங்கள். நிழலில் வைத்து, மூக்கை மூடாமல் ஈரச்சாக்குப் போடுங்கள். இடைக்கிடை கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். 24 மணித்தியாலம் வரை காத்திருந்து மீண்டவை உண்டு. அதற்குள் கரைக்கு வர நேர்ந்தால், வரும்போதே 1992க்குச் சொல்லிவிட்டு வாருங்கள்; பிறகு எவரும் உங்களைச் சந்தேகிக்க இடமிருக்காது. அது தலையைத் தூக்கி மூச்சு விட்டுச் செட்டையை அடிக்கத் தொடங்கியதும், இயந்திரத்தை நிறுத்தி, வலை இல்லாத பக்கமாக, மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிடுங்கள்.